ஹாக்கி ஆடுவதற்கான பாதுகாப்புக் கவசங்கள்: அளவு பார்த்து வாங்குவது முதல் அணியும் வரிசை வரை

ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை இருக்கும். விரலால் எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது. எதிரில் ஆடுபவர் கையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள ஸ்டிக். பந்து தரையோடு வருவதால் ஸ்டிக்கும் பெரும்பாலும் கால் உயரத்தில்தான் சுழலும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கவசம் எதற்கு என்பது தானாகவே புரிந்துவிடும்.

புதிதாக ஆட வருபவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். கவசமே இல்லாமல் அடிபடுபவர்கள் ஒருபுறம். அளவு சரியில்லாத கவசத்தை வாங்கி, இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, உறுத்துகிறது என்று பையிலேயே வைத்துவிட்டு அடிபடுபவர்கள் இன்னொருபுறம். இரண்டாவது வகையினர்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் அளவுக்கும் அணியும் வரிசைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## 1. வாங்கும் வரிசையை முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் முன்னங்காலுக்கு ஷின் கார்டு, பற்களுக்கு மவுத் கார்டு, ஹாக்கிக்கு ஏற்ற ஷூ ஆகிய மூன்றும் இல்லாமல் முதல் பயிற்சிக்கே போகாதீர்கள். சர்வதேச விதிப்புத்தகமும் களத்தில் ஆடும் எல்லோருக்கும் முன்னங்கால், கணுக்கால், வாய் ஆகியவற்றுக்கான கவசங்களைப் பரிந்துரைக்கிறது.

அடுத்ததாக இடது கை கிளவுஸ், ஆண்களுக்கு அப்டாமன் கார்டு (தொடையிடுக்கைக் காக்கும் கவசம்), பெண்களுக்கு அதற்கென்று வரும் இடுப்புக் கவசம். முகமூடியும் முழங்கால் பேடும் பெனால்டி கார்னரில் (தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கோலை நோக்கி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) தடுப்பவர்களுக்குத்தான் தேவை. கோல் கீப்பரின் கதையே வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

நல்ல ஸ்டிக் வாங்கிய பிறகு மிச்சமிருக்கும் பணத்தில் கவசம் வாங்குவதுதான் பலரின் பழக்கம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தொடக்கத்தில் எந்த ஸ்டிக்கை வைத்தும் பழகலாம், இரவல் ஸ்டிக்கே போதும். மவுத் கார்டை இரவல் வாங்க முடியாது.

கடைக்குப் போகும்போது, ஆடும்போது போடப்போகும் சாக்ஸ், ஒரு அளவு நாடா, ஏற்கெனவே ஷூ இருந்தால் அந்த ஷூ, மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். வெறும் காலில் போட்டுப் பார்க்கும் ஷின் கார்டும் ஷூவும் மைதானத்தில் வேறு மாதிரி இருக்கும்.

## 2. ஷூவை முதலில் எடுங்கள்

ஷின் கார்டின் அடிப்பகுதி ஷூவின் மேல் விளிம்போடு வந்து சேர வேண்டும். அதனால் ஷூ முடிவாகாமல் ஷின் கார்டு அளவு பார்க்க முடியாது.

டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தளத்தில், ஆடுவதென்றால் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் நெருக்கமாக இருக்கும் ஷூ வேண்டும். புல் தரைக்கு அதைவிட நீளமான, எண்ணிக்கையில் குறைவான முளைகள். தரை மாறினால் ஷூவும் மாற வேண்டும். நீண்ட முளை டர்ஃபில் பதியாமல் வழுக்கும். அல்லது ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும்.

ஓடுவதற்கான ஷூவே போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அதன் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், நேராக ஓடுவதற்காகச் செய்தது. ஹாக்கியில் குனிந்தபடியே பக்கவாட்டில் சட்டென்று வெட்டித் திரும்புவோம். உயரமான குதிகாலோடு அப்படித் திரும்பினால் கணுக்கால் மடங்கும். இன்னொரு விஷயம், அந்த ஷூக்களின் முன்பகுதி மெல்லிய வலைத்துணி. பந்து பெருவிரலில் பட்டால் தடுக்க ஒன்றும் இருக்காது. ஹாக்கி ஷூவின் முன்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும்.

மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், விளையாடும்போதும் அப்படித்தான் இருக்கும். குதிகால் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடி வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் நகம் இடிக்கும்.

## 3. ஷின் கார்டு: உட்கார்ந்து அளவெடுங்கள்

முன்னங்கால் எலும்பின் மேல் தசை கிடையாது, தோலுக்கு அடுத்து எலும்புதான். அதனால்தான் அங்கே படும் அடி அப்படி வலிக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, முழங்காலைச் செங்கோணத்தில் மடக்குங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் விட்டு, அங்கிருந்து பாதம் மடங்கும் இடம்வரை அளவெடுங்கள். அதுதான் கார்டின் நீளம். நின்றுகொண்டு அளவெடுத்தால் நீளமான கார்டைத்தான் வாங்குவீர்கள். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கக் குனிந்து டேக்கிள் செய்யும்போது அதன் மேல் விளிம்பு முழங்கால் சில்லில் இடிக்கும்.

கால்பந்துக்கான கார்டை வைத்துச் சமாளிக்காதீர்கள். அவற்றில் பல சின்ன ஓடுகள், முன்னங்காலின் நடுப்பகுதியை மட்டும்தான் மறைக்கும். ஹாக்கி கார்டு பக்கவாட்டில் அகலமாக வளைந்து, கீழே கணுக்கால் எலும்பின் இருபுறமும் இறங்கி வரும். ஸ்டிக்கின் கொக்கி வந்து மோதுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தை என்று இரண்டும் இருக்க வேண்டும். ஓடு அடியைப் பரப்பிவிடும், மெத்தை அதை உள்வாங்கும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். மெத்தை மட்டுமே உள்ள மெல்லிய கார்டு போட வசதியாக இருக்கிறது என்று சிலர் வாங்குவார்கள். அதைப் போட்ட காலைக் கையால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், அடி நேராக எலும்புக்குப் போகிறது.

இடது, வலது பார்த்துப் போடுங்கள். பல கார்டுகளில் கணுக்காலுக்கான குழிவு இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்காது. நம் உட்புறக் கணுக்கால் எலும்பு வெளிப்புறத்தைவிடச் சற்று மேலே இருப்பதுதான் காரணம். ஒரு பையன் ஒரு மாதம் முழுக்க, கார்டு கணுக்காலில் குத்துகிறது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் குனிந்து பார்த்தேன், இரண்டையும் கால் மாற்றிப் போட்டிருந்தான். மாற்றிப் போட்டதும் அன்றைக்கே சரியாகிவிட்டது.

கார்டு தோலில் நேராக உரசினால் வியர்வையில் தடித்துச் சிவந்துவிடும். உள்ளே மெல்லிய நீள சாக்ஸ், அதன் மேல் கார்டு, அதற்கு மேல் அணியின் சாக்ஸ் என்று போடுவதே நல்லது. பின்பக்கப் பட்டையை இறுக்கினால் ஆடுசதை மரத்துப்போகும். கார்டைப் பிடித்துவைப்பது வெளி சாக்ஸின் வேலை, பட்டை ஒரு துணைக்குத்தான்.

## 4. மவுத் கார்டு: அவசரப்படாமல் வடிவமெடுங்கள்

பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது மிகச் சரியாகப் பொருந்தும். பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள், பால் பல் விழுந்து முளைக்கும் வயதில் இருப்பவர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். மற்றவர்களுக்கு வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமெடுக்கும் வகை போதும், ஒழுங்காகச் செய்தால். பெரும்பாலானவர்கள் சொதப்புவது இதில்தான்.

தேவையானவை: ஒரு கிண்ணம் வெந்நீர், ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர், ஓட்டைக் கரண்டி, கண்ணாடி, கடிகாரம். எத்தனை வினாடி என்பது உறையில் அச்சிட்டிருக்கும், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதை முதலிலேயே படித்துவிடுங்கள். கார்டு வெந்நீரில் மிதக்கும்போது உறையைத் தேடக் கூடாது.

இளக்குவதற்கு முன் ஒரு தடவை வாயில் வைத்துப் பாருங்கள். பின்முனை தொண்டையை நோக்கிப் போய்க் குமட்டினால், கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஓரத்தை மழுக்கிக்கொள்ளுங்கள். பின் கடைவாய்ப் பற்கள்வரை மூட வேண்டும், அதனால் அதிகம் வெட்ட வேண்டாம்.

சொன்ன நேரம் முடிந்ததும் கரண்டியால் எடுத்து நீரை வடியவிட்டு, சூடு பொறுக்கிறதா என்று பார்த்து, கண்ணாடி முன்னால் மேல் பற்களில் பொருத்துங்கள். கார்டின் நடுக்கோடு இரண்டு முன்பற்களுக்கு நடுவே வரட்டும். மெதுவாகக் கடியுங்கள். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியபடி, உதட்டுக்கும் கன்னத்துக்கும் வெளியே இருந்து விரலால் அழுத்துங்கள். உள்பக்கம் நாக்கால் மேல்நோக்கித் தள்ளுங்கள். அப்புறம் குளிர்ந்த நீரில் போட்டு இறுகவிடுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு அழுத்திக் கடிப்பது. அச்சு ஆழமாக விழட்டும் என்று பல்லை நறநறவென்று கடித்தால், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே காகிதம்போல ஒரு படலம்தான் மிஞ்சும். தாடையில் அடி படும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுப்பது அந்தத் தடிமன்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கடித்த இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அது வீண்.

வாயைத் திறந்து வைத்தாலும் கார்டு விழாமல் மேல் பற்களில் ஒட்டியிருக்க வேண்டும். கடித்துப் பிடித்தால்தான் நிற்கிறது என்றால் மூச்சு வாங்கும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்வீர்கள். தேறவில்லை என்றால், உறையில் அனுமதித்திருந்தால் மறுபடி இளக்குங்கள். பேச வரவில்லை என்ற புகார் ஒரு வாரத்தில் போய்விடும். வீட்டில் படிக்கும்போது போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தால் இன்னும் சீக்கிரம் பழகும்.

ஒருவேளை நிரந்தரப் பல் முழுசாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் கடிக்கும் பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்க்காதீர்கள். பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். மறுபடி பொருத்தக்கூடிய வாய்ப்பு நேரம் ஆக ஆகக் குறையும்.

## 5. கிளவுஸ், அப்டாமன் கார்டு, கண்ணாடி

இடது கைதான் ஸ்டிக்கின் உச்சியைப் பிடிக்கிறது. பந்தைத் தடுக்க ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்கும்போது அந்தக் கையின் விரல் முட்டிகள் டர்ஃபில் தேயும். அதனால் ஒரே ஒரு கிளவுஸ் வாங்குவதென்றால் இடது கைக்கு. விரல் முட்டிகளின் மேல் கெட்டி ஓடு இருக்கட்டும், உள்ளங்கை மெல்லியதாக இருக்கட்டும். உள்ளங்கை தடித்தால் ஸ்டிக்கைச் சுழற்றும் உணர்வு போய்விடும்.

அப்டாமன் கார்டை அதற்கென்று உறை உள்ள இறுக்கமான உள்ளாடையில் வையுங்கள். சாதாரண உள்ளாடைக்குள் வைத்தால் நகர்ந்துவிடும், நகர்ந்த கார்டின் விளிம்பே காயப்படுத்தும்.

கண்ணாடி போடுபவர்கள் காண்டாக்ட் லென்ஸுக்கு மாறுங்கள். இல்லையென்றால் மென்மையான சட்டமும் பிளாஸ்டிக் லென்ஸும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி. மோதிரம், தோடு, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

## 6. களத்தில் ஆடுபவர் அணியும் வரிசை

அப்டாமன் கார்டு, உள் சாக்ஸ், ஷின் கார்டு, வெளி சாக்ஸ், ஷூ, கடைசியாகக் கிளவுஸ். மவுத் கார்டு மைதானக் கோட்டைத் தாண்டும்போது வாயில் இருக்க வேண்டும்.

ஷூவுக்கு முன்னால் ஷின் கார்டு என்பதைக் கவனியுங்கள். ஷூ போட்ட பிறகு கார்டை உள்ளே நுழைத்தால் அடிமுனை ஷூ விளிம்பின் மேல் ஏறி நிற்கும், முழுக் கார்டும் மேலே தள்ளப்படும். முதல் கால் மணி நேரத்திலேயே அது சுற்றிக்கொண்டு ஆடுசதைப் பக்கம் போய்விடும்.

போட்டு முடித்ததும் நான்கு அசைவுகள் செய்து பாருங்கள்: ஆழமாகக் குனிந்து உட்காருங்கள், பக்கவாட்டில் இரண்டு பக்கமும் தாவுங்கள், வேகமாக ஓடி நில்லுங்கள், ஸ்டிக்கைத் தரையில் படுக்க வையுங்கள். எங்கேயாவது இடித்தால், உரசினால், நகர்ந்தால் அப்போதே சரிசெய்யுங்கள். வெறும் பயிற்சிதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். பத்துப் பந்துகள் ஒரே நேரத்தில் பறப்பது பயிற்சியில்தான்.

## 7. பெனால்டி கார்னரில் நிற்பவர்களுக்கு

கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்வரை கோல் இருக்கும் பின்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். ஸ்டிக்கை வீசி ஹிட் முறையில் அடிக்கும் முதல் ஷாட் கோல் பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை ஸ்டிக்கால் இழுத்துவந்து வீசும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் நெஞ்சு உயரத்துக்கும் வரும். முகமூடி இதற்காகத்தான்.

முகமூடி முகத்தோடு ஒட்டி, வழவழப்பாக இருக்க வேண்டும். கீழ்ப்பார்வையைப் பாருங்கள்: அதைப் போட்டபடி உங்கள் காலடியில் இருக்கும் பந்து தெரிய வேண்டும். தலையை ஆட்டும்போது கண்துளை நகர்ந்தால் பின்பட்டையை இறுக்குங்கள்.

அடிப்பவரை நோக்கி முதலில் ஓடுபவருக்கு முழங்கால் பேடு கட்டாயம் என்றே நான் சொல்வேன். முழங்கால் சில்லில் நேராக வாங்கும் பந்து ஒரு பருவத்தையே கெடுத்துவிடும். முதலில் முழங்கால் பேடு, அப்புறம் கிளவுஸ், முகமூடி கடைசியில். முகமூடியை முதலில் போட்டுக்கொண்டு முழங்கால் பட்டையைத் தேடித் தடவுபவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். கார்னருக்கு நேரம் கொஞ்சம்தான். எந்தப் பொருள் யாருடையது என்று பெயர் எழுதி, ஆட்டம் தொடங்குமுன்பே கோல் வலைக்குப் பின்னால் வரிசையாக வைத்துவிடுங்கள்.

கார்னர் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாலும் 23 மீட்டர் பகுதிக்கு (உங்கள் பின்கோட்டிலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர்வரை உள்ள இடம்) வெளியே முகமூடியோடு ஆடக் கூடாது. முகமூடி இருக்கிறது என்ற தைரியத்தில் பந்தின் நேர்கோட்டில் பாய்வதும் வேண்டாம். தொண்டையும் விலாவும் திறந்துதான் இருக்கின்றன.

## 8. கோல் கீப்பர்: கீழிருந்து மேலே

கீப்பருக்கு ஹெல்மெட், லெக் பேடு, கிக்கர் (ஷூவின் மேல் கட்டும் பாதக் கவசம்) மூன்றும் விதிப்படி கட்டாயம். நெஞ்சுக் கவசம், தொண்டைக் கவசம், இடுப்புக் கவசம், முழங்கைக் கவசம், கை கிளவுஸ் ஆகியவற்றையும் நான் கட்டாயமாகவே வைத்துக்கொள்கிறேன். லெக் பேடு ஒவ்வொன்றும் அதிகபட்சம் 300 மில்லிமீட்டர் அகலம், கை கிளவுஸ் 228 அகலம், 355 நீளம் என்று வரம்பு இருக்கிறது. பழைய பேடு வாங்கினால் அளந்து பாருங்கள்.

வரிசை இதுதான்: இடுப்புக் கவசம், மெத்தை வைத்த கால்சட்டை, சாக்ஸ், ஷூ, கிக்கர், லெக் பேடு. அதற்குப் பிறகே நெஞ்சுக் கவசம், முழங்கைக் கவசம், மேலே சட்டை, தொண்டைக் கவசம், ஹெல்மெட், இடது வலது கை கிளவுஸ்.

காரணம் எளிது. நெஞ்சுக் கவசம் போட்டுவிட்டால் குனிந்து கிக்கரின் பக்கிள் போட முடியாது. கை கிளவுஸ் போட்டுவிட்டால் எதையுமே கட்ட முடியாது. புதிய கீப்பர்கள் வியர்க்க வியர்க்க அணிந்துவிட்டு, கிக்கர் பட்டை தளர்ந்திருப்பதைக் கடைசியில் பார்த்து எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.

கிக்கரை ஷூவோடு இறுக்கமாகப் பிணையுங்கள். ஷூவுக்கு அடியில் போகும் பட்டை முளைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். முளையின் மேல் ஏறியிருந்தால் வழுக்கும், சீக்கிரம் அறுந்தும் போகும். லெக் பேடின் அடிவளைவு கிக்கரின் மேல் அமர வேண்டும், இரண்டுக்கும் நடுவே பந்து நுழையும் இடைவெளி தெரியக் கூடாது.

பேடின் பக்கிள்கள் காலின் வெளிப்புறம் வரட்டும். உட்புறம் வந்தால் ஓடும்போது ஒன்றோடொன்று மாட்டி விழுந்துவிடுவீர்கள். கீழ்ப்பட்டையை இறுக்கமாக, மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி இறுக்கினால் முழங்கால் மடங்காது. கட்டிய பிறகு முழங்காலிட்டு எழுந்து பாருங்கள், பேடு கால் மேலேயே இருக்கிறதா, திரும்பிவிட்டதா என்று.

ஹெல்மெட்டை ஸ்டிராப் போடாமல் மாட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். தலையோடு சேர்ந்து ஹெல்மெட்டும் திரும்ப வேண்டும். அப்புறம் தாடைப் பட்டையைப் போட்டு, முன்கம்பியைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கு மேலே ஏறிப்போனால் பெரிய அளவு. ஹாக்கி கீப்பருக்கென்று செய்த ஹெல்மெட்டை மட்டும் வாங்குங்கள். ஓட்டில் கீறல் அல்ல, விரிசல் தெரிந்தால் அன்றோடு மாற்றிவிடுங்கள்.

கவசம் முழுக்கப் போட்டதும் நேராக ஷாட் வாங்க நிற்காதீர்கள். முதலில் ஒருவர் பந்தைத் தரையோடு உருட்டட்டும், பிறகு ஸ்டிக்கால் மெதுவாகத் தள்ளும் புஷ், பிறகு காற்றில். எந்த இடத்தில் பட்டால் வலிக்கிறது என்பது மெதுவான பந்திலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், பட்டையைச் சரிசெய்யுங்கள்.

## 9. ஆட்டம் முடிந்த பிறகு

ஈரத்தோடு பைக்குள் மூடிவைத்தால் மெத்தை நாறும், தோலில் அரிப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயப்போடுங்கள். சுடுவெயிலில் வைத்தால் ஓடும் பட்டையும் நாளடைவில் நொறுங்க ஆரம்பிக்கும். கழற்றக்கூடிய உள் மெத்தையைத் தனியாகத் துவைக்கலாம்.

மவுத் கார்டைக் குளிர்ந்த நீரில் பிரஷ்ஷால் கழுவி, துளை உள்ள பெட்டியில் வையுங்கள். வெந்நீரில் கழுவினால், வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டால், எடுத்த வடிவம் போய்விடும். விளிம்பு கடித்துக் கிழிந்திருந்தாலோ, மேல் பல்லில் ஒட்டாமல் தொங்கினாலோ புதிது வாங்குங்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தாடையும் காலும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மவுத் கார்டையும் ஷின் கார்டையும் மறுபடி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை வெல்க்ரோவில் சேர்ந்திருக்கும் நூலையும் புல்லையும் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். பட்டை பிடிக்கவில்லை, தேய்ந்துவிட்டது என்று தூக்கிப்போடப் போன எத்தனையோ கார்டுகள் இந்த ஒரு வேலையால் மறுபடி பிடிக்க ஆரம்பித்திருக்கின்றன.